சிவனொளிபாதமலை: அமைவிடமும் பெயர் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய ஊர் எது என்றால் உடனே நினைவுக்கு வருவது கீரிமலை. சுண்ணக்கல் மேடு கடலைத் தொடும் இடம் அது. அங்கே கேணிக்குள் இறங்கத்தான் படிகள் உண்டு. இப்படிச் சமதரையில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் மார்கழி பிறந்ததும் ஒரு மலையைப் பற்றி ஆர்வத்தோடு பேசத் தொடங்குகிறார்கள். ஏறிவிட்டு வந்தவர்களும் ஏறப் போகிறவர்களும், மாணவர்களும் அயலவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, நான் தேடி அறிந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சிவனொளிபாதமலை எங்கே இருக்கிறது?

இலங்கையின் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில், மத்திய மாகாணத்து நுவரெலியா மாவட்டமும் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. உயரம் 2,243 மீற்றர். பழைய நில அளவைப் படங்களில் 7,359 அடி என்று இருக்கும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர் தெற்கே உள்ளது. மலையைச் சுற்றியுள்ள காடு 1940 ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பகுதிகளில் இந்தக் காடும் ஒன்று.

இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுதானே?

பலரும் அப்படியே நம்புகிறார்கள். மிக உயர்ந்தது நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை. அதற்கு அடுத்த இடங்களில் உள்ள கிரிகல்பொத்தையும் தொட்டுபொலையும் சிவனொளிபாதமலையைவிட உயர்ந்தவையே.

இந்த மயக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பிதுருதலாகலை ஏற்கெனவே உயர்ந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலத்தின் மேல் நிற்கிறது. நுவரெலியா நகரமே 1,800 மீற்றருக்கு மேல் இருப்பதால், அங்கிருந்து பார்ப்பவருக்கு அந்த மலை தோளளவுக் குன்றாகவே தெரியும். சிவனொளிபாதமலையோ மலைத்தொகுதியின் விளிம்பில், தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தில், கூர்மையான கூம்பாகத் தனித்து எழுகிறது. தென்மேற்கிலிருந்து பார்த்தால் அடி முதல் முடி வரை முழு உயரமும் கண்ணில் படும். வானம் தெளிந்த காலைகளில் கொழும்பிலிருந்தும் மேற்குக் கடலிலிருந்தும் அதைக் காணலாம். கடலோடிகளுக்கு அது கரை நெருங்குகிறது என்று சொல்லும் அடையாளமாக இருந்தது. இத்தனை மொழிகளில் இத்தனை பெயர்கள் அதற்குக் கிடைத்ததற்கு, தொலைவிலிருந்தே தெரியும் இந்தத் தோற்றமே முதற் காரணம் என்று நான் கருதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, உயரமான கோபுரம் ஒன்றில் ஏறி நின்றாலாவது தெரியுமா?

தெரியாது. பூமி வளைந்திருப்பதால் 2,243 மீற்றர் உயரமான ஒரு முடியைக் கடல்மட்டத்தில் நிற்பவர் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வரையிலேயே காண முடியும். காற்று ஒளியைச் சற்று வளைப்பதைச் சேர்த்துக்கொண்டால் 180 வரை போகலாம். நம் தொலைவு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கோபுரத்தில் ஏறினால் சில பத்துக் கிலோமீற்றர்கள் கூடுமே தவிர, மலை கண்ணுக்கு எட்டாது.

‘சிவனொளிபாதம்’ என்ற பெயர் எப்படி வந்தது?

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெயரைப் பிரித்தால் சிவன், ஒளி, பாதம், மலை என்ற நான்கு சொற்கள் கிடைக்கின்றன. உச்சிப் பாறையிலுள்ள அடிச்சுவடு சிவபெருமானுடைய திருவடி என்பது சைவர்களின் நம்பிக்கை. ஒளி என்பதற்கு, சிவன் ஒளி வடிவாகக் காட்சி தந்த இடம் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். சூரிய உதயத்தைப் பார்க்கவே இரவு முழுதும் ஏறுகிற மலை என்பதால், அந்தப் பொருள் அங்கே போனவர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடும்.

ஆனால் தமிழில் இந்த மலைக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்று எழுத்தில் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் கச்சிமாநகர் புக்க காதை, இலங்காதீவத்துச் ‘சமனொளி’ என்னும் சிலம்பை வலங்கொண்டு மீளும் தரும சாரணரை, அதாவது அறவழியில் திரியும் பௌத்தத் துறவிகளைப் பற்றிச் சொல்கிறது. சிலம்பு என்றால் மலை. அதே காப்பியத்தின் பாத்திரம் பெற்ற காதையில், இரத்தினதீவத்து ‘ஓங்குயர் சமந்தம்’ என்று இன்னொரு பெயர் வருகிறது. அதன் உச்சியில் இருப்பது அறவியங்கிழவோனாகிய புத்தருடைய அடியிணை; அது பிறவிக் கடலைக் கடத்தும் அறவி நாவாய், அதாவது அறக் கப்பல், என்று அங்கே போற்றப்படுகிறது. சமந்தம் என்பது பாளி நூல்களில் வரும் சமந்தகூடம் என்ற பெயரின் தமிழ் வடிவம். சமனொளி என்பதோ பழஞ் சிங்களத்துச் ‘சமனொள’ என்பதோடு ஒலியால் ஒட்டி நிற்கிறது. அது சுமணகூடம் என்ற பாளிப் பெயரின் திரிபு. சுமணர், அதாவது சமன் என்ற காவல் தெய்வத்தின் கொடுமுடி என்று பொருள்படும்.

சமனொளிக்கும் சிவனொளிக்கும் இடையில் உள்ள வேறுபாடு முதலிரண்டு எழுத்துகள்தான். ‘சமன்’ யார் என்று தெரியாத தமிழ் நாவில் அது ‘சிவன்’ ஆகியிருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஊர்ப்பெயர்களில் இப்படி நடப்பது நமக்குப் புதிதில்லை. காதில் விழுந்த ஒலியை மக்கள் தமக்குப் பொருள் தரும் சொல்லாக்கிக்கொள்வார்கள், பிறகு அந்தப் பொருளே வழிபாடாக வேர்விடும். ஆகவே சிவனொளிபாதம் என்ற பெயரை யாரோ அண்மையில் புனைந்தது என்று தள்ளுவதும் தவறு. ஆதியிலிருந்தே அந்த மலைக்கு அந்த ஒரு பெயர்தான் இருந்தது என்று வாதாடுவதும் தவறு.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. சமந்தத்தின் பெருமையை மணிமேகலைக்கு எடுத்துச் சொல்பவள் தீவதிலகை. அந்த உரையாடல் நடக்கும் இடம் மணிபல்லவத் தீவு. தான் அந்த மலைக்குப் போய்த் தொழுது வலங்கொண்டு இங்கே வந்தவள் என்று அவள் சொல்கிறாள். மணிபல்லவம் என்பது நமது நயினாதீவே என்று அறிஞர் பலர் கொள்வர். அவ்வாறு கொண்டால், குறிகட்டுவானில் படகேறும் தூரத்தில் உள்ள ஒரு தீவிலிருந்து அந்த மலைக்கு யாத்திரை போய் வந்த ஒருத்தியின் பேச்சு தமிழ்க் காப்பியத்தில் பதிவாகியிருக்கிறது. தீவதிலகை காப்பியப் பாத்திரம் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் அந்தப் பயணம் படிப்பவருக்கு இயல்பாகப் படும் என்று புலவர் எண்ணியிருக்கிறாரே, அது பெரிய செய்தி.

எழுதும்போது சிவனொளிபாதமா, சிவனடிபாதமா?

இரண்டும் வழக்கில் உள்ளன. அடியும் பாதமும் ஒரே பொருளுடையவை என்பதால் ‘சிவனடிபாதம்’ கூறியது கூறலாகிவிடுகிறது. ‘சிவனொளிபாதமலை’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

சிங்களத்தில் ‘சமனல’ என்றால் வண்ணத்துப்பூச்சி என்கிறார்களே?

ஆம், சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சிதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் பறந்து போவதைக் கண்டவர்கள், அவை அந்த மலைக்கே வணங்கப் போகின்றன, அங்கேயே உயிரை விடுகின்றன என்று சொல்லி வந்தார்கள். மலையின் பெயரோ சமன் தெய்வத்தோடு சேர்ந்தது. இரத்தினபுரியில் அத்தெய்வத்துக்குப் பெரிய கோயில் ஒன்று உண்டு. வழிபாட்டில் சிங்கள மக்கள் பெரிதும் சொல்வது ‘சிறீ பாத’, திருவடி, என்ற பெயர்.

ஆதாமின் பெயர் இதற்கு எப்படி வந்தது?

சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி முதலில் கால் ஊன்றிய இடம் இந்த மலை என்ற மரபு அரபு நாட்டுக் கடலோடிகளிடையே மிகப் பழையது. 851 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அரபுக் குறிப்பிலேயே சரந்தீபின், அதாவது இலங்கையின், மலையும் அதிலுள்ள அடிச்சுவடும் ஆதமோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்கள் இன்றும் ‘பாவா ஆதம் மலை’ என்கிறார்கள். போர்த்துக்கேயர் அந்தப் பெயரைத் தம் மொழியில் வைத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் அதையே ‘ஆடம்ஸ் பீக்’ ஆக்கினர். மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளை நாம் இராமர் அணை என்கிறோம், ஐரோப்பியர் ஆதாம் பாலம் என்றார்கள். இந்த மலையை நாடி ஆதம் நடந்து வந்த வழி அது என்ற கதையிலிருந்து வந்த பெயர் அது. அடிச்சுவடு புனித தோமையாருடையது என்று சொன்ன கிறிஸ்தவர்களும் போர்த்துக்கேயர் காலத்தில் இருந்தார்கள்.

இபுனு பதூதாவை அந்த மலைக்கு அனுப்பி வைத்தது யாழ்ப்பாணத்து அரசர் என்பது உண்மையா?

உண்மை. மொறோக்கோவில் பிறந்த அந்தப் பயணி 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்து புத்தளம் கரையில் இறங்கினார். அப்போது அங்கே இருந்த அரசரை அவர் ஆரியச்சக்கரவர்த்தி என்றே குறிப்பிடுகிறார். யாழ்ப்பாண அரசர்களின் குடிப்பெயர் அது. கடலில் வலிமை மிக்கவர் என்றும், அவருடைய கப்பல்கள் நூறை ஒருமுறை தாமே சோழமண்டலக் கரையில் கண்டதாகவும் எழுதுகிறார். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டி உரையாடினார். வேண்டியதைக் கேளும் என்றார். தீவில் கால் வைத்த நாள் முதல் தமக்கு இருக்கும் ஒரே விருப்பம் ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதுதான் என்று பயணி விடையளித்தார்.

அது எளிதுதான் என்று சொன்ன அரசர், அவருக்குப் பல்லக்கைக் கொடுத்தார். ஆண்டுதோறும் பாதத்துக்கு யாத்திரை போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணையும் சேர்த்து அனுப்பினார். ஆண்டுதோறும் போகும் யோகிகள் என்ற குறிப்பைப் பலர் வாசித்துவிட்டுக் கடந்து போகிறார்கள். வடக்கின் சைவ அரசரது அவையில் அந்த மலை வழியை நன்கு அறிந்தவர்கள் பதினான்காம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதற்கு அது நேரில் கண்டவரின் சாட்சி. ஒரு முஸ்லிம் பயணியின் ஆதம் மலைக்கு வழிகாட்டியவர்களும் அவர்களே.

மலைக்கு ஏற இரண்டு வழிகள் இருந்ததாகவும், அவை பாபா வழி, மாமா வழி என அழைக்கப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். பாபா ஆதம், மாமா ஹவ்வா, அதாவது ஏவாள். மாமா வழி எளிது, அதனால் அந்த வழியே போனவரை யாத்திரை செய்தவராக மக்கள் மதிப்பதில்லையாம். பாபா வழி செங்குத்தானது, இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டியது. பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்றும், காணிக்கை இடுவதற்காகப் பாறையில் ஒன்பது குழிகள் வெட்டப்பட்டிருந்தன என்றும் குறிக்கிறார். ஒன்பது நாள் பயணத் தொலைவில் கடலிலிருந்தே மலையைக் கண்டதாக அவர் சொல்வதை மட்டும், மேலே சொன்ன 180 கிலோமீற்றர் கணக்கை வைத்துப் பார்க்கையில், ஏற்க முடியவில்லை.

அவருக்கு முன்னரும் யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியன் மலையுச்சியில் உள்ள புத்தரின் பாதத்தைக் குறிப்பிடுகிறார். மகாவம்சமும் அதைச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையைக் கடந்து போன மார்க்கோ போலோ, மலையில் தொங்கும் சங்கிலிகளைப் பற்றியும், அங்கே இருப்பது ஆதாமின் கல்லறை என்று முஸ்லிம்களும் புத்தரின் நினைவிடம் என்று மற்றவர்களும் சொல்வதைப் பற்றியும் எழுதினார்.

அந்த மலை ஒரு காலத்தில் சைவர்கள் கையில் இருந்ததா?

இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு, யாத்திரிகர்களுக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலை முதலான ஊர்களின் வருவாயை ஒதுக்கினான். அம்பகமுவக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராசசிங்கன் சைவத்தைத் தழுவியபோது, மலையின் பராமரிப்பையும் வருவாயையும் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன் அதை மீண்டும் பௌத்த சங்கத்திடம் கொடுத்தான். அந்தக் கீர்த்தி சிறீ மதுரை நாயக்கர் வழியினன், பிறப்பால் தமிழோடும் தெலுங்கோடும் தொடர்புடையவன். சிங்கள அரசன் ஒருவன் சைவருக்குக் கொடுத்ததை நாயக்கர் குலத்து அரசன் ஒருவன் பௌத்தருக்குத் திருப்பிக் கொடுத்தான். இன்றைய வாதங்களில் இரு பக்கத்தாரும் இந்த வரலாற்றின் பாதியையே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அங்கிருந்து எந்த ஆறுகள் பிறக்கின்றன?

களனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை ஆகிய மூன்றும் இந்த மலைக்காட்டில் ஊற்றெடுக்கின்றன. களனி கொழும்பிலும், களு களுத்துறையிலும், வளவை அம்பலாந்தோட்டையிலும் கடலைச் சேர்கின்றன. நமது சுண்ணக்கல் நிலத்தில் விழும் மழை நேரே கீழிறங்கிக் கிணற்று நீராகிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று நமக்கு எதுவும் இல்லை. அங்கே நிலத்தின் அடி முற்கேம்பிரியன் காலத்து இறுகிய உருமாறிய பாறை. மழை எளிதில் உள்ளே புக முடியாமல் ஓடையாகப் பாய்கிறது. அந்த ஓடைகள் பல இலட்சம் ஆண்டுகளாக அரித்துச் சேர்த்த சரளைப் படையைத்தான் இரத்தினபுரியில் ‘இல்லம்’ என்கிறார்கள். நீலமும் புட்பராகமும் அதற்குள்ளிருந்தே எடுக்கப்படுகின்றன. மணிமேகலை சொல்லும் இரத்தினதீவம் என்ற பெயருக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக விழுவது ஏன்?

நான் ஏறிய நாளில் சூரியன் கிழக்கே எழுந்ததும் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் திரும்பியவர்கள் சிலரே. அங்கே பள்ளத்தாக்கை நிறைத்திருந்த வெண்புகாரின் மேல், கருநீல நிறத்தில், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் ஒரு முக்கோணம் நின்றது. என் அருகில் நின்ற சிறுவன், தன் கை அந்த நிழலில் தெரிகிறதா என்று பார்க்க இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். தெரியவில்லை. சில நிமிடங்களில் முக்கோணம் குறுகி மலையடியை நோக்கி வந்து மறைந்துவிட்டது.

மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் கூம்பாக விழுகிறது என்று நினைப்பது இயல்பு. மலை எந்த வடிவில் இருந்தாலும், உச்சியில் நிற்பவருக்கு நிழல் இப்படித்தான் தோன்றும். அடிவானத்துச் சூரியன் உண்டாக்கும் நிழல் பல கிலோமீற்றர் நீளமானது. அதன் இரு ஓரங்களும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. கிளிநொச்சிப் பக்கம் நேராக ஓடும் தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால், இரண்டு கம்பிகளும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தெரியுமே, அதே தோற்றம்தான் இது.

எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?

யாத்திரைக் காலம் டிசம்பர் மாதத்து முழுநிலா நாளான உந்துவப் போயாவில் தொடங்கி மே மாதத்து வெசாக் போயாவில் முடிகிறது. அதன்பின் தென்மேற்குப் பருவமழையும் காற்றும் வலுத்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் போகிறவர்கள் பொல்கஹவெலவில் இறங்கி, மலைநாட்டுப் பாதையில் ஹற்றனுக்கு வண்டி மாறலாம். ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பேருந்து உண்டு. ஆங்கிலத் தோட்டக்காரர் டல்ஹவுசி என்று பெயரிட்ட இடத்தை, தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நமது மலையகத் தமிழர்கள் நல்லதண்ணி என்றார்கள். அந்தப் பெயரே இன்று எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. இந்த வழியில் 5,000 க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. ஏற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறுவது பழைய வழி, நீளமும் கடினமும் கூடியது.

குளிர் உடை கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பதால், உச்சி நமது ஊரைவிடப் பதினைந்து பாகை அளவுக்குக் குளிராக இருக்கும். விடியற்காற்று அதற்கு மேல்.

உச்சியில் பாதத்தைப் பார்க்க முடியுமா?

ஏறக்குறைய 1.8 மீற்றர் நீளமான பள்ளம் ஒன்றைச் சுற்றிச் சிறு மண்டபம் கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது துணியாலும் பூக்களாலும் மூடியே இருக்கும். உண்மையான சுவடு அதற்கும் அடியில் நீலக்கல் ஒன்றின் மேல் இருக்கிறது என்றும், மேலே தெரிவது அதன் அடையாளம் மட்டுமே என்றும் மரபு சொல்கிறது. வணங்கி வெளியே வந்தவர்கள் மணியடிப்பார்கள். எத்தனையாவது முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைச் சேலை அணிந்த மூதாட்டி கயிற்றைப் பிடித்து அடிக்கத் தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் உரக்க எண்ணினார்கள். பதினேழில் அவர் கயிற்றை என்னிடம் தந்தார். நான் ஒருமுறை அடித்தேன்.